தீவைத் தின்றது கடலா, துறைமுகமா?

மோரிஸ் தீவின் கலங்கரை விளக்கம் 1962-ல் அணைந்தது. அதன் காலடியில் இருந்த நிலம் எங்கே போனது என்ற கணக்கு இன்னும் தீரவில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்லஸ்டன் துறைமுக வாயிலுக்குத் தெற்கே, கடலுக்குள் தன்னந்தனியாக ஒரு செங்கல் கோபுரம் நிற்கிறது. உயரம் 161 அடி. ஒரு காலத்தில் பளிச்சென்று இருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் உப்புக்காற்றில் உரிந்து, செங்கல்லின் பழுப்பு நிறம் வெளியே தெரிகிறது. அடியில் எஃகுத் தகட்டு வளையம். அதைச் சுற்றி அலை. கோபுரம் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர், இதைக் கடலுக்குள்ளேயே கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைப்பார். ஆனால், 1876-ல் இதில் விளக்கேற்றியபோது இது மோரிஸ் தீவின் உள்ளே, கடற்கரையிலிருந்து ஆயிரம் அடிக்கும் மேல் தள்ளி நின்றது. இன்று, மிஞ்சியிருக்கும் தீவின் கரைக்கு அப்பால் ஆயிரம் அடிக்கும் மேல் தள்ளிக் கடலில் நிற்கிறது. கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்க, தீவுதான் பின்வாங்கிப் போயிருக்கிறது. ‘கடல் கொண்டுவிட்டது’ என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடலாம். பூம்புகாரையும் தனுஷ்கோடியையும் அறிந்த நமக்கு அந்த விளக்கம் சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால், மோரிஸ் தீவு விஷயத்தில் கடல் வெறும் கூலியாள். வேலையை ஏவியது துறைமுகம். எந்தத் துறைமுகத்துக்கு வழிகாட்ட அந்தக் கோபுரம் எழுந்ததோ, அதே துறைமுகத்தின் தேவைக்காகத்தான் அதன் காலடி மண் பறிபோனது.

மூன்று கோபுரங்கள், ஒரு போர்

இங்கே முதல் விளக்கு எரிந்தது பிரிட்டிஷ் ஆட்சியில். 1767-ல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் காலத்தில், அடிக்கல் நாட்டப்பட்டது. அரிசியும் அவுரியும் ஏற்றுமதியாகி, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் இறக்குமதியான துறைமுகம் சார்லஸ்டன். கப்பல் தரைதட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அதன் வணிகர்களுக்குத் தெரியும். அன்று மோரிஸ் தீவு ஒரே தீவாகக்கூட இல்லை. தாழ்வான மூன்று மணல் தீவுகள் அடுத்தடுத்துக் கிடந்தன; பின்னர் அவை ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. 1838-ல் உயரமான இரண்டாவது கோபுரம் வந்தது. 1858-ல் அதில், ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு வீசும் முதல்தர ஃபிரெனெல் வில்லை பொருத்தப்பட்டது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர். 1861 ஜனவரி 9 அன்று, கூட்டரசுப் படையின் வசமிருந்த சம்டர் கோட்டைக்கு உதவிப் பொருள்களும் வீரர்களும் ஏற்றிவந்த ‘ஸ்டார் ஆஃப் த வெஸ்ட்’ கப்பலை ராணுவக் கல்லூரி மாணவர்கள் பீரங்கியால் சுட்டது இந்தத் தீவிலிருந்துதான். பகைக் கப்பலுக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்று, போர்க்காலத்தில் தென்மாநிலங்களின் படையே கோபுரத்தைத் தகர்த்தது. 1863 ஜூலை 18 அன்று, தீவின் வாக்னர் அரணை நோக்கிக் கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு பாய்ந்தது. அதன் தளபதி ராபர்ட் கூல்ட் ஷா அங்கேயே மடிந்தார். அந்த அரணை முற்றுகையிட்ட வடமாநிலங்களின் ஒன்றியப் படைக்குத் தளபதியாக இருந்தவர் குவின்சி கில்மோர். பொறியாளராகப் பயிற்சி பெற்றவர்; சுண்ணாம்பு, சிமென்ட் கலவைகள் பற்றி நூல் எழுதியவர். இந்தத் தீவின் கதையில் அவர் மறுபடியும் வரப்போகிறார்.

போர் ஓய்ந்தபின் எழுந்த மூன்றாவது கோபுரம்தான் இன்று நாம் பார்ப்பது. அதற்கு ஏறத்தாழ 1,50,000 டாலர் செலவானது. மணல் தீவின் மேல் இத்தனை பாரத்தை நிறுத்துவது சுலபமில்லை என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். மரத்தூண்களை வரிசையாக மண்ணுக்குள் ஆழ அறைந்து, அவற்றின் தலையில் எட்டடி கனத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டு, அதன்மேல் செங்கல்லை எழுப்பினார்கள். 1876 அக்டோபர் 1 அன்று விளக்கு எரிந்தது. தீவில் விளக்குக் காவலர்களின் குடும்பங்கள் வாழ்ந்தன; குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது; திங்கட்கிழமை படகில் வந்திறங்கும் ஆசிரியை வெள்ளிக்கிழமைதான் நகருக்குத் திரும்புவார். இயற்கையின் சோதனைகளும் சீக்கிரமே வந்தன. 1885-ல் பெரும்புயல் தீவைத் தாக்கியது. மறு ஆண்டு, ஆகஸ்ட் 31 இரவு, சார்லஸ்டன் நகரையே உருக்குலைத்த நிலநடுக்கம். கோபுரத்தில் விரிசல் விழுந்தது. உச்சியில் இருந்த கனத்த வில்லை இடம்பெயர்ந்தது. இரண்டையும் பழுதுபார்த்தார்கள்; விளக்கு தொடர்ந்து எரிந்தது. புயலுக்கும் பூகம்பத்துக்கும் தாக்குப்பிடித்த கோபுரத்தை அடுத்த அரை நூற்றாண்டில் முடக்கிப்போட்டது வேறொன்று. அதன் வேலை, கோபுரம் எரியத் தொடங்கிய இரண்டாவது ஆண்டிலேயே, சில மைல் தூரத்தில் ஆரம்பித்துவிட்டது.

இரண்டு கற்சுவர்கள்

சார்லஸ்டன் துறைமுகத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. உள்ளே விசாலமான விரிகுடா. வாயிலிலோ பிறை வடிவில் கிடக்கும் பெரிய மணல்மேடு. ஏற்றநீரிலும் வற்றுநீரிலும் ஆற்று மணலும் கடல் மணலும் அங்கே குவிந்துகொண்டேயிருக்கும். அதை ஊடறுத்துச் சென்ற முதன்மைக் கப்பல் தடம், மோரிஸ் தீவை ஒட்டித் தெற்கே இறங்கிப் போனது. கலங்கரை விளக்கத்தைத் தீவின் தெற்குப் பகுதியில் வைத்ததற்குக் காரணமே அதுதான். தாழ்நீரில் இந்தத் தடத்தின் ஆழம் சுமார் 12 அடி. நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போன காலத்தில், அந்த ஆழத்தை வைத்துக்கொண்டு சவான்னா போன்ற அண்டைத் துறைமுகங்களோடு போட்டியிட முடியாது. அப்போது ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளர் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் இருபுறமும் சுவர் எழுப்பி, ஆற்றின் வேகத்தாலேயே மணலை அரித்தெறிய வைக்கும் வேலையில் இறங்கியிருந்தார். அதே உத்தியைச் சார்லஸ்டனுக்கு வகுத்துக் கொடுத்தவர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அதே தீவின்மேல் பீரங்கிகளை நிறுத்திய கில்மோர். 1878-ல் வேலை தொடங்கியது. வாயிலின் வடக்கே சல்லிவன்ஸ் தீவிலிருந்து ஒரு கற்சுவர், தெற்கே மோரிஸ் தீவிலிருந்து ஒரு கற்சுவர். இரண்டும் ஏறக்குறைய மூன்று மைலும் அதற்கு மேலும் கடலுக்குள் நீண்டன. 1896 வாக்கில் வேலை முடிந்தது. அதைப் பார்க்க கில்மோர் உயிரோடு இல்லை. துறைமுகத்தைப் பொறுத்தவரை திட்டம் முழு வெற்றி. வற்றுநீர் இரு சுவர்களுக்கும் நடுவே நெருக்கி ஓடி, நேரான, ஆழமான புதிய தடத்தை வெட்டிக்கொண்டது.

சுவர்களுக்கு வெளியே நடந்தது என்ன? அலை கரையில் நேராக மோதுவதில்லை. சற்றே சாய்ந்து மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலைப் பக்கவாட்டில் நகர்த்தும். தென் கரோலினாக் கரையில் இந்த நகர்வு, ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கிலிருந்து தெற்கு நோக்கியது. சல்லிவன்ஸ் தீவைக் கடந்து வரும் மணல் வாயிலின் மணல்மேட்டில் தங்கி, அங்கிருந்து சிறுகச் சிறுக மோரிஸ் தீவுக்கும், அடுத்துள்ள ஃபாலி தீவுக்கும் போய்ச்சேர்ந்துகொண்டிருந்தது. வடக்குச் சுவர் அந்த வரவை மறித்தது. தெற்கில் இரட்டை அடி. புதுமணல் வரவில்லை, பழைய தடம் கைவிடப்பட்டதால், மோரிஸ் தீவுக்கு முன்னால் அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டுகளும் கரையத் தொடங்கின. அலை இப்போது தீவை நேராகவே தாக்கியது. 1938-ல் தண்ணீர் கோபுரத்தின் காலடிக்கு வந்துவிட்டது. விளக்கைத் தானியங்கி ஆக்கி, காவலர்களை வெளியேற்றி, ஃபிரெனெல் வில்லையையும் கழற்றினார்கள். அடித்தளத்தைச் சுற்றி எஃகுத் தகடுகளை இறக்கினார்கள். அதன்பின் கோபுரம் கடலுக்குச் சொந்தமாகிவிட்டது. 1962 ஜூன் 15 அன்று அதன் பணி சல்லிவன்ஸ் தீவின் புதிய விளக்குக்கு மாறியது. 140 அடி உயர முக்கோணக் கோபுரம், உள்ளே மின்தூக்கி, குளிர்சாதன வசதி. அது நிற்பது சுவருக்கு வடக்கே. மோரிஸ் தீவு தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றுகொண்டிருந்த தீவு சல்லிவன்ஸ். பழைய விளக்கின் தீவுக்குப் போக வேண்டிய மணல் தேங்கிய பக்கத்தில்தான் புதிய விளக்கு எழுந்தது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

மணல் தீவு என்றாலே இடம்மாறுவதுதானே, இதில் சுவரைக் குற்றம் சொல்வானேன் என்று கேட்கலாம். இது லேசான கேள்வியும் அல்ல. மூன்று தீவுகள் ஒன்றானதும் இயற்கையின் வேலைதான். வாக்னர் அரண் இருந்த இடம் கடலுக்குள் போனதில் புயல்களுக்கும் பங்கு உண்டு. 1893-ன் பெரும்புயல், 1989-ன் ஹ்யூகோ என்று இந்தக் கரை வாங்காத அடியில்லை. கடல் மட்டமும் உயர்ந்துவருகிறது. ஆனால், இயற்கையின் நகர்வில் கொடுக்கலும் உண்டு, வாங்கலும் உண்டு. ஒரு புயல் அள்ளிய மணலை அடுத்த சில பருவங்கள் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஒரே திசையில், தலைமுறை தலைமுறையாக, கரை பின்வாங்கிக்கொண்டே போவதற்கும், சுவரின் மறுபக்கம் அதே காலத்தில் கரை வளர்ந்துகொண்டே போவதற்கும் புயலைக் காரணம் சொல்ல முடியாது. புயலுக்கு வடக்கு, தெற்கு என்ற பாகுபாடு கிடையாது. இதைவிட வலுவான சாட்சியம், சுவர்களைக் கட்டிய தரப்பிடமிருந்தே வந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1980-களில் நடத்திய ஆய்வு, ஃபாலி கடற்கரையின் அரிப்பில் 57 சதவீதத்துக்குச் சார்லஸ்டன் துறைமுகச் சுவர்களே காரணம் என்று கணக்கிட்டது. மீதி 43 சதவீதத்தை இயற்கைக்கு விட்டுவிடலாம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், ஃபாலி தீவு சுவர்களிலிருந்து தள்ளியிருக்கிறது. நடுவில், சுவரை ஒட்டியே கிடப்பது மோரிஸ் தீவு.

துறைமுகம் தந்த செல்வத்தோடு ஒப்பிட்டால் ஆளில்லாத ஒரு மணல் தீவு எந்த மூலைக்கு என்பது அடுத்த ஆட்சேபம். அந்தச் சுவர்கள் இல்லையென்றால் இன்றைய சார்லஸ்டன் துறைமுகம் இல்லை என்பது மெய்தான். 2022-ல் அதன் தடம் 52 அடி ஆழத்துக்குத் தூர்வாரி முடிக்கப்பட்டது; அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையின் மிக ஆழமான துறைமுகம் அது. துறைமுகமே கட்டியிருக்கக் கூடாது என்பது இங்கே வாதமில்லை. லாபம் ஒருவர் கணக்கிலும் நஷ்டம் இன்னொருவர் கணக்கிலும் எழுதப்பட்டதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஃபாலி தீவில் வீடுகள் இருந்தன, வரி கட்டுவோர் இருந்தார்கள், வாக்காளர்கள் இருந்தார்கள். அதனால் ஆய்வு நடந்தது. 57 சதவீதம் என்ற எண் வந்தது. 1993 முதல் அங்கே மணல் கொட்டிக் கரையை மீட்கும் பணியின் செலவில் 85 சதவீதத்தைக் கூட்டரசு ஏற்றது. மோரிஸ் தீவில் கேட்க ஆளில்லை. துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றைக் கொட்டும் இடமாகவே அதன் பெரும்பகுதி பயன்பட்டது. ஒரே சுவர்கள் உண்டாக்கிய சேதம்; ஒரு தீவின் கண்ணில் வெண்ணெய், இன்னொரு தீவின் கண்ணில் சுண்ணாம்பு. ஆளில்லாத இடத்துக்கு நஷ்டமே இல்லை என்று சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1938 வரை அங்கே ஆட்கள் இருந்தார்கள். கரை போனதால்தான் அவர்கள் போனார்கள்.

அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க முடியுமா என்பதும் கேட்கத்தக்கதே. இதற்குப் பதில் சொல்ல நம் ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். சென்னைக் கரையில் 1861-ல் கட்டிய இறங்குதுறைப் பாலம் இரும்புத் தூண்களின் மேல் நின்றது. தூண்களின் இடையே அலையும் மணலும் தடையின்றிப் போய்வந்தன. 1876-ல், மோரிஸ் தீவில் விளக்கேற்றிய அதே ஆண்டில், சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் வேலை தொடங்கியது. இங்கே மணலின் நகர்வு தெற்கிலிருந்து வடக்கு. சுவர் எழுந்த சில ஆண்டுகளிலேயே தெற்குப் பக்கம் கரை அகலமாகிக்கொண்டு வந்தது; அந்த மணல்தான் இன்று நாம் காற்றுவாங்கும் மெரினா. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர் தெருக்கள் தேய்ந்தன. அங்கே இன்று கரையோரம் கிடப்பது கருங்கல் குவியல். 1880-களில் ஒரு பொறியாளர் சென்னையைப் பார்த்திருந்தால், சார்லஸ்டனில் நடக்கப்போவதை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவைப்பட்டிருக்காது. சரி, தொடக்கத்தில் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 1938-ல் தண்ணீர் கோபுரத்தைத் தொட்டபோது நிச்சயம் தெரியும். அப்போதும் கோபுரத்தைச் சுற்றித் தகடு இறக்கினார்களே தவிர, சுவர் மறித்த மணலைத் தீவுக்கு மீட்டுக் கொடுக்கவில்லை. அறியாமையை முதல் தலைமுறைக்கு மன்னிக்கலாம்; அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் அதே சலுகை செல்லாது.

ஏன் காப்பாற்ற வேண்டும்?

1962-க்குப் பின் கோபுரம் தனியார் கைக்குப் போய் கைமாறியது. அதை மீட்கக் கிளம்பிய ‘சேவ் த லைட்’ என்ற அமைப்பு 1999-ல் 75,000 டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டு மாநில அரசிடம் ஒப்படைத்தது. கடலடி மண் அரித்துப் போனதால் அடித்தளத்தின் மரத்தூண்கள் வெளியே தெரிந்தன. மண்ணுக்குள் புதைந்திருந்தவரை அண்டாத துளைப்புழுக்கள் அந்த மரத்தைத் தின்னத் தொடங்கியிருந்தன. 2007-ல் தொடங்கிய பணியில் கோபுரத்தைச் சுற்றிப் புதிய எஃகு வளையம் எழுந்தது. 2010-ல் அடித்தளத்துக்குப் புதிய தூண்கள் கிடைத்தன. ஒரு கப்பலுக்கும் வழிகாட்டாத கோபுரத்துக்கு இந்தச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காப்பாற்றுவதென்றால் வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனையில் செய்ததுபோல் செய்திருக்கலாமே என்பவர்களும் உண்டு. 1999-ல் அங்கே 4,800 டன் எடையுள்ள கலங்கரை விளக்கத்தை அப்படியே தூக்கி, 2,900 அடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். பொறியியலின் சாதனைதான். ஆனால், நகர்த்துவதற்கு நிலம் வேண்டும். மோரிஸ் தீவில் 1999-ல் கோபுரத்தைச் சுற்றி நிலமே இல்லை. அதுமட்டுமல்ல, இந்தக் கோபுரத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் பழைய கரை எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். 1876-ல் எங்கே நிலம் இருந்தது என்பதை, படகில் வரும் எவரும் எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணாலேயே அளந்துகொள்ள ஒரு நிலைக்குறி இது. கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலை போனபின் அதற்கு வாய்த்த வேலை இது. ஒரு பொதுப்பணியின் பக்கவிளைவுக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு துல்லியமான சாட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நினைவுச்சின்னமாக அல்ல, ஆதாரமாகவே இதைப் பாதுகாக்க வேண்டும்.

ஆதாரம் இருந்தால் தீர்ப்பும் வேண்டும். துறைமுகமா கரையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதம் பழசாகிவிட்டது. சுவர் மறிக்கும் மணலை எடுத்து மறுபக்கம் சேர்ப்பது நடைமுறையில் உள்ள வேலை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியாக மணல் மறுகரைக்குப் போகிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தெற்கே சேரும் மணலைத் தூர்வாரி வடக்கே நகரக் கடற்கரையில் கொட்டும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. புதுச்சேரியில் 1980-களின் துறைமுகச் சுவரால் கடற்கரையை இழந்த நகரம், 2018-ல் செயற்கைத் திட்டு அமைத்த பின்னரே மணலைக் கொஞ்சம் மீண்டும் பார்த்தது. மணலைக் கடத்தும் ஏற்பாடு சுவரோடு சேர்ந்தே தொடர்ந்து நடந்திருந்தால் அந்த இடைக்கால இழப்பு தேவையே இல்லை. ஆகவே, கடலுக்குள் கல் கொட்ட அனுமதி கேட்கும் எந்தத் திட்டத்திடமும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சுவரின் மறுபக்கத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மணல் போய்க்கொண்டிருந்தது, அதை இனி யார் செலவில், எந்த வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்? அந்தச் செலவு திட்ட மதிப்பீட்டில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மறுகரையில் வீடு இருக்கிறதா, வாக்கு இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு சேர்க்கும் இனமாக அது இருக்கக் கூடாது. மோரிஸ் தீவுக்கு இந்தக் கேள்வியை 1878-ல் யாரும் கேட்கவில்லை. 1938-ல் கேட்டிருந்தால் தீவில் இன்னும் கொஞ்சம் நிலமாவது மிஞ்சியிருக்கும். இன்று நம் கரையில் புதிய சுவர்களுக்குத் திட்டம் தீட்டுவோர், கேட்க ஆளில்லை என்ற துணிச்சலில் கேள்வியைத் தள்ளிப்போட முடியாதபடி, அதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.